பாரமானியைப் பார்த்து மீன் கடிக்குமா?

அமெரிக்காவில் ஓர் ஏரிக்கரை வீடு. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. வீட்டுக்காரர் தூண்டில்களை எடுத்து வைத்துவிட்டார். படகும் தயார். ஆனால் வாசலைத் தாண்டுமுன் சுவரில் மாட்டியிருக்கும் வட்டமான ஒரு கருவியின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். உள்ளே முள் சற்றே இடப்பக்கம் நகர்கிறது. அவர் முகம் மலர்கிறது. "அழுத்தம் இறங்குகிறது. இன்று மீன் நன்றாகக் கடிக்கும்!" என்று சொல்லிக்கொண்டே கிளம்புகிறார்.

அந்தக் கருவி பாரமானி. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் பாதரசக் குழாயாக நிற்கிறதே, அதன் தம்பி. மீன் பிடிப்பவர்களுக்கென்றே தனிப் பாரமானிகள்கூட அங்கே கடைகளில் விற்கிறார்கள். காற்றின் அழுத்தம் குறையும்போது மீன் இரை தேடும், அழுத்தம் ஏறி நின்றால் வாயை மூடிக்கொள்ளும் என்பது அந்த நாட்டுத் தூண்டில்காரர்களிடையே ஏறக்குறைய ஒரு வேதவாக்கு. இது உண்மைதானா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் கண்டது உண்மை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் தவறு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை நீங்களே காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம். எனக்குத் தூண்டில் போடத் தெரியாது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். கணக்குப் போட அது தடையில்லை.

முதலில் மீனைப் பற்றி. அவர்கள் தேடிப் போகும் மீனுக்குப் பாஸ் என்று பெயர். நம் ஊர்க் கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் 'ஏசியன் சீ பாஸ்' என்பார்கள். இரண்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. அமெரிக்கப் பாஸ் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். அதில் புகழ் பெற்றவை இரண்டு. ஒன்று பெருவாய் பாஸ். வாயைத் திறந்தால் தன் தலையளவுக்குத் திறக்கும். வெதுவெதுப்பான, பாசி அடர்ந்த நீரை விரும்பும். மற்றொன்று சிறுவாய் பாஸ். இது சற்றுக் குளிர்ந்த, பாறை நிறைந்த நீரை நாடும். இரண்டுமே பதுங்கியிருந்து பாய்ந்து இரை பிடிக்கும் வேட்டைக்காரர்கள். சிறு மீன், தவளை, இறாலைப் போன்ற கிரேஃபிஷ் என்று எதையும் விடுவதில்லை.

அந்த நாட்டில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்த மீனுக்காகத் தூண்டில் போடுகிறார்கள். பெரும்பாலோர் பிடித்த மீனைத் திரும்ப நீரிலேயே விட்டுவிடுவார்கள். இதற்குப் போட்டிகளும் உண்டு, பரிசும் உண்டு. இந்தப் போட்டிகளுக்குப் பெரிய அளவில் வித்திட்டவர் ரே ஸ்காட் என்பவர். 1967-இல் மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் நகரில் மழையும் காற்றும் வந்து மீன்பிடிப்பைக் கெடுத்துவிட, ஓட்டல் அறையில் சும்மா உட்கார்ந்து தொலைக்காட்சியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்ததாம். அதே ஆண்டு ஜூன் மாதம் ஆர்க்கன்சாவில் பீவர் ஏரியில் முதல் போட்டியை நடத்திவிட்டார். வானிலை கெட்டதால் பிறந்த விளையாட்டு என்றே சொல்லலாம்.

இனி அவர்கள் கண்ட உண்மையைப் பார்ப்போம். வட அமெரிக்காவில் வானிலை நம் ஊரைப் போல மாதக் கணக்கில் ஒரே சீராக இருப்பதில்லை. கனடாப் பக்கமிருந்து குளிர்ந்த காற்றுத் திரள் ஒன்று தெற்கு நோக்கி இறங்கும். அதன் முன்விளிம்பைக் 'குளிர் முகப்பு' என்பார்கள். அது நெருங்க நெருங்கப் பாரமானி இறங்கும். மேகம் கவியும், காற்று வீசும், மழை பெய்யும். முகப்பு கடந்துவிட்டால் பாரமானி மளமளவென்று ஏறும். வானம் நீலமாகத் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். வெயில் பளிச்சென்று அடிக்கும். ஆனால் குளிர் உறைக்கும்.

தூண்டில்காரர்கள் சொல்வது இதுதான்: முகப்பு வருவதற்கு முந்திய சில மணி நேரம் மீன் வெறிபிடித்தாற்போல் கடிக்கும். முகப்பு போன மறுநாள், அந்த அழகான நீல வானத்தின் கீழ், ஏரியில் மீன் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும். ஒருவர் இருவரல்ல, தலைமுறை தலைமுறையாகப் பலர் சொல்வது இது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. நாள்தோறும் நீரின்மேல் இருப்பவன் கண்ணுக்குத் தெரிவது பல சமயம் நாற்காலியில் இருப்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் பின்வருமாறு. பாஸ் மீனின் வயிற்றில் காற்றுப்பை ஒன்று இருக்கிறது. நீரில் மூழ்காமலும் மிதந்து மேலே வந்துவிடாமலும் ஓரிடத்தில் நிற்க அது உதவுகிறது. கெண்டை போன்ற சில மீன்களில் இந்தப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. வேண்டும்போது காற்றை விழுங்கலாம், விடலாம். பாஸ் மீனுக்கு அந்த வசதி இல்லை. மூடிய பை. இரத்தத்திலிருந்துதான் வாயு மெதுவாக உள்ளே ஊற வேண்டும், அப்படியே மெதுவாக வெளியேறவும் வேண்டும். ஆகவே வெளியே காற்றழுத்தம் மாறினால் பை விரியும் அல்லது சுருங்கும், மீனுக்கு உடம்பு சரியில்லாமல் போகும், சாப்பிடப் பிடிக்காது என்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எவ்வளவு விரியும், எவ்வளவு சுருங்கும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? நாம் போடுவோம்.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 76 செ.மீ. பாதரசத்தைத் தாங்கும் என்று படித்திருக்கிறீர்கள். வானிலைக்காரர்கள் கணக்கில் அது சுமார் 1013 மில்லிபார். பாதரசம் நீரைப் போல 13.6 மடங்கு கனமானது. எனவே அதே அழுத்தம் 10.3 மீட்டர் உயரமுள்ள நீரைத் தாங்கும். அதாவது, நீரில் 10 மீட்டர் கீழே போனால் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். ஒரே ஒரு செ.மீ. கீழே போனால் கூடுவது ஏறத்தாழ ஒரு மில்லிபார். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செ.மீ. நீர், ஒரு மில்லிபார்.

நல்ல வலுவான குளிர் முகப்பு கடக்கும்போது ஒரு நாளில் அழுத்தம் எவ்வளவு மாறும்? 20 மில்லிபார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பாதரசத்தில் 15 மி.மீ. நீரில்? 20 செ.மீ.!

உங்கள் அடிக்கோலை விடச் சிறியது அந்த உயரம். ஒரு நாள் முழுவதும் காற்று மண்டலம் படாத பாடு பட்டு மீனுக்குக் கொடுக்கும் மாற்றத்தை, அந்த மீன் ஒரு சாண் மேலே ஏறியோ கீழே இறங்கியோ ஒரு நொடியில் தானே செய்துகொள்கிறது. இரை துரத்தும் பாஸ் ஒரே பாய்ச்சலில் இரண்டு மூன்று மீட்டர் மேலே வரும். அப்போது அது சந்திப்பது 200, 300 மில்லிபார் மாற்றம். அதில் அதற்கு வயிற்று வலி வந்ததாகத் தெரியவில்லை. காற்றடிக்கும் ஏரியில் மேல்மட்டத்துக்கு அருகில் நிற்கும் மீனுக்கு ஒவ்வோர் அலையும் சில நொடிகளுக்கொரு முறை இதே அளவு ஏற்ற இறக்கத்தைத் தந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னும் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுமா? கடல் மட்டத்தில் இதுவரை அளந்து கண்ட மிகக் குறைந்த காற்றழுத்தம் 870 மில்லிபார். 1979 அக்டோபரில் பசிபிக் பெருங்கடலில் எழுந்த டிப் என்னும் சூறாவளியின் நடுவில் கண்டது அது. சாதாரண நாளுக்கும் அதற்கும் வேறுபாடு 143 மில்லிபார். நீரில் சொன்னால் சுமார் ஒன்றரை மீட்டர். உலகமே கண்டிராத பெரும் புயலும் ஓர் ஆள் உயர ஆழத்துக்குச் சமமாகவில்லை!

இதை நம்ப மறுக்கும் நண்பர் ஒருவர் உங்கள் வகுப்பில் இருப்பார். அவருக்காக ஒரு சோதனை. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். துளையில்லாத பால்பாயிண்ட் பேனா மூடி ஒன்றின் கிளிப் முனையில் சிறிது களிமண்ணை ஒட்டுங்கள். மூடி உள்ளே காற்றுக் குமிழோடு, மூழ்குமோ மூழ்காதோ என்ற நிலையில் மிதக்க வேண்டும். களிமண்ணைக் கூட்டியும் குறைத்தும் பொறுமையாகச் சரிசெய்யுங்கள். பாட்டிலை இறுக மூடிப் பக்கங்களை அழுத்துங்கள். பேனா மூடி கீழே இறங்கும். விட்டால் மேலே வரும். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ் சுருங்குவதையும் விரிவதையும் கண்ணாலேயே காணலாம். பாயில் விதி பாட்டிலுக்குள் வேலை செய்கிறது.

"பார்த்தீர்களா! மூடியைத் துல்லியமாகச் சமன் செய்தால் இலேசாகத் தொட்டாலே இறங்குகிறதே. மீனுக்கும் அப்படித்தானே?" என்று அந்த நண்பர் கேட்பார். நல்ல கேள்வி. விடை இரண்டு. முதலாவது, எடை எவ்வளவு என்று பாருங்கள். நன்னீர் மீனில் காற்றுப்பை உடலின் பருமனில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் இருக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஏறத்தாழ 70 கன செ.மீ. அழுத்தம் 20 மில்லிபார் குறைந்தால், அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தால், பையும் நூற்றுக்கு இரண்டு பங்கு விரியும். 1.4 கன செ.மீ. அந்த மீனை மேலே தள்ளும் விசை 1.4 கிராம் எடைக்குச் சமம். ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிராம்கூட இல்லை. அதுவும் நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும் மீனுக்கு. ஆழத்தில் நிற்பதற்கு இன்னும் குறைவு. இரண்டாவது விடை இன்னும் எளிது. பேனா மூடிக்குத் துடுப்பு இல்லை, மீனுக்கு உண்டு.

அழுத்தம் மீனை ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. 10 மீட்டருக்கும் ஆழத்திலிருந்து தூண்டிலில் சரசரவென்று இழுத்து வந்த பாஸ் மீனைப் பாருங்கள். அழுத்தம் பாதியாகிவிட்டது, பை இரு மடங்காக ஊதிவிட்டது. திரும்ப விட்டாலும் உள்ளே இறங்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். சில போட்டிகளில் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி விடுவதும் உண்டு. ஆனால் அது ஆயிரம் மில்லிபார் விவகாரம். இருபதுக்கும் ஆயிரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் 'அழுத்தம்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் கட்டிவிடுவதில்தான் தவறு பிறக்கிறது.

எதிர்த்தரப்புக்கு நியாயம் செய்யவேண்டும். ஐரோப்பாவில் 'வானிலை மீன்' என்று ஒரு மீன் உண்டு. நம் அயிரை மீனுக்கு உறவு. புயலுக்கு முன்பு அழுத்தம் இறங்கும்போது அது நிலைகொள்ளாமல் துள்ளும். அதனால் அதைக் கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பாரமானியாக வளர்த்தார்கள். 2001 செப்டம்பரில் புளோரிடாவில் காபிரியேல் என்னும் புயல் கரையை நெருங்கியபோது, டெரா சியா என்னும் ஆழமில்லாத விரிகுடாவில் ஒலிக்கருவி பொருத்தி விடப்பட்டிருந்த 13 சுறாக் குட்டிகள், அழுத்தம் விழத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக வெளிக்கடலுக்குப் போய்விட்டன. புயல் போனபின் திரும்பியும் வந்தன. ஆக, அழுத்தத்தை உணரக்கூடிய மீன்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது! உட்செவியில் உள்ள நுண்ணிய உணர்வுமயிர்களால் அது அழுத்தத்தை அறியக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அழுத்தத்தை ஒரு செய்தியாக உணர்வது வேறு, பை ஊதி உடம்பு நோவது வேறு. 'பாஸ் மீனுக்கு வயிறு நோகிறது' என்ற கதைக்குச் சுறா சாட்சி சொல்லாது.

அப்படியானால் மீன் ஏன் ஒரு நாள் கடிக்கிறது, மறுநாள் கடிப்பதில்லை?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். இங்கே காக்கை ஒன்றல்ல, நாலைந்து. பாரமானி இறங்கும் அதே வேளையில் மேகம் கவிகிறது, காற்று வீசுகிறது, மழை தூறுகிறது. பாரமானி ஏறும் அதே வேளையில் வெயில் அடிக்கிறது, காற்று நிற்கிறது, குளிர் இறங்குகிறது. எல்லாம் சேர்ந்தே வந்து சேர்ந்தே போகின்றன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் வீட்டுச் சுவரில் முள்ளும் எண்ணும் இருக்கின்றன. பெயரும் அதற்கே போய்விடுகிறது.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலுக்கும் மழை மேகம் மூடிய பகலுக்கும் வெளிச்சம் பத்து மடங்குக்கு மேல் வேறுபடும். நம் கண் அதைச் சட்டெனச் சரிசெய்துகொள்வதால் நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. பாஸ் மீனுக்கு இமை கிடையாது, பாவையும் நம்முடையதைப் போல் சுருங்காது. மங்கிய ஒளியில் வேட்டையாடுவதில் அது கெட்டிக்காரன். நல்ல வெளிச்சத்தில் சிறுமீன் தன் எதிரியைத் தொலைவிலேயே கண்டு தப்பிவிடும். வெளிச்சம் குறையக் குறைய அந்த வசதி பாஸ் பக்கம் சாய்கிறது. மேகம் மூடிய பகல் அதற்கு நீண்ட மாலைப்பொழுது. நீல வானம் வந்ததோ, அது பாசிக்குள்ளும் மூழ்கிய மரக்கட்டைக்கு அடியிலும் போய் ஒடுங்கிவிடுகிறது.

காற்றின் பங்கும் சிறிதல்ல. காற்று மேல்நீரை ஒரு கரைக்குத் தள்ளுகிறது. அதோடு நுண்ணுயிர்கள் போகின்றன. அவற்றைத் தின்னும் பொடிமீன்கள் பின்னால் போகின்றன. பொடிமீன்களின் பின்னால் யார் போவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீரின் மேல் எழும் சிற்றலை இன்னொன்றும் செய்கிறது. தூண்டில் கயிறு, படகின் நிழல், மேலே நிற்கும் ஆள் எல்லாவற்றையும் அது மீனின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அசையாத கண்ணாடி நீரில் ஏமாறுவது மனிதன்தான்.

இங்கே ஒரு சின்னக் குறுக்கீடு. முகப்பு போன மறுநாள் வெயிலாக இருப்பதால் ஏரிக்கு வரும் படகுகள் அதிகம். மழைத் தூறலில் வருபவர்களோ விஷயம் தெரிந்த சில பிடிவாதக்காரர்கள். ஒரு நாளில் 100 பேர் சேர்ந்து 50 மீனும், மற்றொரு நாளில் 10 பேர் சேர்ந்து 20 மீனும் பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாள் நல்ல நாள்? மொத்த மீனைப் பார்த்தால் ஒரு விடை, ஆளுக்கு எத்தனை என்று பார்த்தால் வேறு விடை. அந்தப் பத்துப் பேரும் கைதேர்ந்தவர்களாக இருந்தால் அந்த விடையும் ஆட்டம் காணும். மீன்வள ஆய்வாளர்கள் அதனால்தான் 'ஓர் ஆள் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன்' என்று கணக்கெடுக்கிறார்கள். ஏரிக்கரைப் பேச்சில் அந்த வகுத்தல் நடப்பதில்லை. பெரிய மீன் கிடைத்த நாளின் பாரமானி மட்டும் ஆயுளுக்கும் நினைவில் நிற்கிறது.

இனி, என் கணக்கில் முதல் இடத்துக்கு வர வேண்டியது எது என்று சொல்கிறேன். வெப்பநிலை. மீன் நம்மைப் போல் உடம்பை ஒரே சூட்டில் வைத்துக்கொள்வதில்லை. நீரின் சூடே அதன் சூடு. நீர் குளிர்ந்தால் இதயத் துடிப்பு குறையும், செரிமானம் தளரும். வெயில் காலத்தில் ஒரு நாளில் செரித்துவிடும் இரை குளிர் நீரில் நாட்கணக்கில் வயிற்றில் கிடக்கும். பெருவாய் பாஸ் மிகவும் விரும்புவது 27 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை உள்ள நீர். 10 டிகிரிக்குக் கீழே போனால் அது ஏதோ தின்றோம் இருந்தோம் என்ற அளவில் ஒடுங்கிவிடும். நீர் எளிதில் சூடாவதுமில்லை, எளிதில் குளிர்வதுமில்லை. ஆகவே ஓர் இரவில் காற்று பத்து டிகிரி குளிர்ந்தாலும் ஏரியின் நடுவே பெரிய மாற்றம் இருக்காது. ஆனால் பாஸ் நடமாடும் கரையோர ஆழமற்ற நீர் அப்படியல்ல. ஒரு குளிர் இரவு அதைக் கணிசமாகக் குளிர்வித்துவிடும். மீன் விலகிக் கொஞ்சம் ஆழத்துக்குப் போய்விடும். தூண்டில்காரர் நேற்றுப் போட்ட இடத்திலேயே இன்றும் போட்டுக்கொண்டு பாரமானியைத் திட்டுவார்.

மிதமிஞ்சிய சூடும் ஆகாது. 10 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். கோடையில் ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்து, மேலே சூடான இலேசான நீரும் கீழே குளிர்ந்த கனமான நீரும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். பல ஏரிகளில் அடியடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்தே போய்விடும். மேலே சூடு, கீழே மூச்சுத் திணறல். மீன் நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் அடைபட்டு நிற்கும்.

இதைவிடவும் பெரிய விளைவு வசந்த காலத்தில் தெரியும். நீர் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டியதும் ஆண் பாஸ் கரையோரத் தரையைத் தன் வாலால் விசிறித் தட்டுப்போல் குழித்துக் கூடு கட்டும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் முழுவதும் தந்தைதான். முட்டைமேல் வண்டல் படியாமல் விசிறிக்கொண்டே, திருட வரும் சிறுமீன்களைத் துரத்திக்கொண்டே, சரியாகச் சாப்பிடாமல் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு குளிர் முகப்பு வந்து நீரைக் குளிர்வித்துவிட்டால், அந்தக் காவல்காரனே கூட்டை விட்டுப் போய்விடுவது உண்டு. முட்டைகளைப் பூஞ்சையும் பிற மீன்களும் பங்கிட்டுக்கொள்ளும். அப்படிப் பிழைக்கும் குஞ்சும் கோடையில் போதிய அளவு வளர்ந்து கொழுப்புச் சேர்த்துக்கொள்ளாவிட்டால், வடக்கே முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. பாஸ் மீனுக்கு வட எல்லை போட்டது இந்தச் சிறிய உண்மைதான். கோடை நீண்டால் எல்லையும் வடக்கே நகரும்.

காரணம் எதுவானால் என்ன, மீன் கிடைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். தூண்டில்காரருக்கு அது போதும். ஆனால் கொலராடோ ஆற்றில் நடப்பதைப் பாருங்கள்.

அரிசோனா மாநிலத்தில் அந்த ஆற்றுக்குக் குறுக்கே கிளென் கான்யன் அணை இருக்கிறது. 1963-இல் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். அணைக்கு மேலே தேங்கும் ஏரிக்குப் பவல் ஏரி என்று பெயர். அணைக்குக் கீழே ஆறு உலகப் புகழ் பெற்ற கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. மின்சாரம் எடுக்கும் குழாய்வாய்கள், ஏரி முழுக்க நிரம்பியிருந்தால் நீர்மட்டத்திலிருந்து 70 மீட்டர் கீழே இருக்கும். அந்த ஆழத்து நீர் ஆண்டு முழுவதும் சில்லென்றிருக்கும். அதனால் அணைக்குக் கீழே ஆறு கோடையிலும் குளிர்ந்தே ஓடியது. அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடி, முதுகில் கூன் விழுந்தாற்போல் ஒரு திமில் உள்ள 'கூன்முதுகு சப்' என்னும் மீன். சூடும் குளிரும் மாறி மாறி வரும் பழைய ஆற்றுக்குப் பழகிய அதற்கு இந்த நிரந்தரக் குளிர் பிடிக்கவில்லைதான். ஆனாலும் அதே குளிர்தான் ஒரு வேலியாகவும் நின்றது. மேலே ஏரியில் விட்டு வளர்த்திருந்த சிறுவாய் பாஸ் அந்தக் குளிரில் இனம் பெருக்க முடியாது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரும் வறட்சியில் ஏரி வற்றியது. 2022-லும் 2023 தொடக்கத்திலும் நீர்மட்டம், ஏரி முதன்முதலில் நிரம்பிய காலத்திலிருந்து காணாத அளவுக்குத் தாழ்ந்தது. குழாய்வாய்க்கு மேலே 15 மீட்டர் நீர்தான். அதாவது வெயிலில் சூடேறிய மேலடுக்கே குழாய்க்குள் போகத் தொடங்கியது, அந்த அடுக்கில் வாழும் பாஸ் மீன்களையும் இழுத்துக்கொண்டு. 2022 கோடையில் அணையிலிருந்து வந்த நீர் 20 டிகிரியைத் தாண்டியது. அந்தக் கோடையிலேயே அணைக்குக் கீழே ஒரு தேங்குகரையில் சிறுவாய் பாஸ் குஞ்சுகளைக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து சுமார் 120 கி.மீ. கீழே கூன்முதுகு சப் மீனின் மிகப் பெரிய கூட்டம் வாழ்கிறது. அழியும் நிலையிலிருந்து சற்று மீண்டுவிட்டது என்று 2021-இல்தான் அதைப் பட்டியலில் ஒரு படி இறக்கி வைத்திருந்தார்கள். அதன் குஞ்சுகள் பாஸ் மீனுக்கு ஒரு வாய்க்குப் போதாது.

2024 ஜூலையில் அணை அதிகாரிகள் ஒரு காரியம் செய்தார்கள். மின்சாரக் குழாய்களுக்குச் சுமார் 30 மீட்டர் கீழே உள்ள வேறு குழாய்களைத் திறந்து, அடியாழத்துக் குளிர்நீரைச் சூடான நீரோடு கலந்து விட்டார்கள். பாஸ் கூடு கட்டத் துணியாதபடி ஆற்றைச் சுமார் பதினைந்தரை டிகிரிக்குக் கீழே வைப்பதே நோக்கம். அந்தக் கீழ்க்குழாய்களில் பாயும் நீர் டர்பைனைச் சுழற்றாது. எனவே அந்த அளவுக்கு மின்சாரம் இழப்பு. மின்சாரம் வாங்குவோர் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் குறையும் நியாயமானதுதான். இழந்த மின்சாரத்தை வேறிடத்தில் விலை கொடுத்து வாங்கவேண்டும். ஆனாலும் செய்தது சரி என்பதே என் கருத்து. மின்சாரத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். அந்தப் பள்ளத்தாக்கில் பாஸ் வேரூன்றிவிட்டால் அதைத் திரும்ப வெளியேற்ற எந்த விலையும் போதாது. கொலராடோவின் மேல்பகுதி ஆறுகளில் பல ஆண்டுகளாக வலை போட்டும் மின்சாரம் பாய்ச்சியும் சிறுவாய் பாஸை அகற்றப் போராடிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஏரி மறுபடி உயர்ந்தால் குழாய்வாய்கள் தாமாகவே குளிர்ந்த அடுக்குக்குள் போய்விடும். கீழ்க்குழாய்களைத் திறக்க வேண்டியிராது. ஏரி உயர ராக்கி மலைகளில் குளிர்காலத்தில் நிறையப் பனி பெய்யவேண்டும். ஏப்ரல் தொடங்கியதும் அங்கே பனியின் ஆழத்தை அளந்துவிட்டுத்தான், அந்தக் கோடையில் அணையிலிருந்து வரும் நீர் எத்தனை டிகிரி இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள்.